வாக்குமூலத்தில் முடியாத கதைகள்

தொலைக்காட்சியிலும் இணையத் திரையிலும் வரும் குற்றப்புனைவுத் தொடர்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மங்கிய விளக்கொளியில் ஓர் அறை. மேசைக்கு இப்புறம் ஆய்வாளர். அப்புறம் சந்தேகத்திற்கு உள்ளானவர். ஓர் அதட்டல், சில வேளைகளில் கன்னத்தில் ஓர் அறை, பின்னர் நீண்ட மௌனம். 'நான்தான் செய்தேன்' என்று எதிரிலிருப்பவர் உடைந்து அழுகிறார். இசை உயர்கிறது, பெயர்ப் பட்டியல் ஓடுகிறது. பார்வையாளரைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது.

காவல் நிலையத்தில் பணியாற்றியவர்களுக்கு அந்த இடத்தில்தான் சிரிப்பு வருகிறது. ஏனெனில் காவல் அதிகாரியிடம் தரப்பட்ட அந்த ஒப்புதலுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. இந்தத் தொடர்கள் காவல்துறையினரின் கண்ணுக்கு எவ்வளவு உண்மையாகத் தோன்றுகின்றன என்ற கேள்வியை வெறும் சுவைக்காகத்தான் நாம் எடுத்துக்கொண்டோம். அது நம்மை மதுரைத் தெருக்களின் சங்ககால இரவுகள் வரையிலும், 1855ஆம் ஆண்டின் அறிக்கை ஒன்று வரையிலும் இட்டுச் சென்றது.

எழுதாத காவலர்கள்

அன்னவாசல், சித்தன்னவாசல் ஓவியங்களைக் காண வருவோர் பெரும்பாலும் நில்லாமல் கடந்து போகும் ஊர். அங்கு ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவரோடு இது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தொடர்களில் துப்பாக்கியும் சீருடையும் சரியாக இருக்கின்றனவா என்று கேட்டதற்கு அவர் வேறொன்றைச் சொன்னார். "புரபசர் சார், அந்த சீரியல்ல ஒருத்தரும் எழுதவே மாட்டேங்கிறாங்களே, கவனிச்சீங்களா?"

நாம் கவனித்திருக்கவில்லை. அவர் தொடர்ந்தார். "ஒரு பொணம் கிடந்தா மொதல்ல நாங்க தேடுறது கொலைகாரனை இல்ல சார். மகஜர்ல கையெழுத்துப் போட ரெண்டு சாட்சியைத்தான்."

இதில் நகைச்சுவையைவிட உண்மையே மிகுதி. புகாரைப் பெற்று முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும். அதனை உடனே நடுவர் மன்றத்திற்கு அனுப்ப வேண்டும். நேரம் தாழ்ந்தால் அந்தத் தாமதமே பின்னாளில் வழக்கை வீழ்த்தக்கூடும். சம்பவ இடத்தில் பார்வை மகஜர், மாதிரி வரைபடம், பிரேத விசாரணை. பிறகு உடலோடு ஒரு காவலர் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். கைப்பற்றிய ஒவ்வொரு பொருளும் எந்த நேரத்தில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதற்குத் தாளில் தடம் இருக்க வேண்டும். நாள்தோறும் வழக்கு நாட்குறிப்பு எழுத வேண்டும். இதற்கிடையில் சல்லிக்கட்டுப் பந்தோபஸ்து, தேர்த் திருவிழா, அமைச்சர் வருகை. ஒரு வழக்கை மட்டுமே நெஞ்சில் சுமந்து திரியும் ஆய்வாளர் திரையில்தான் உண்டு. நிலையத்தில் இருப்பவர் பல வழக்குகளை ஒரே நாளில் சுமப்பவர். அவற்றைத் தாளில் நிலைநிறுத்துபவர் 'ரைட்டர்' என்று அழைக்கப்படுபவர்.

ஊர் காப்பாளரும் கல்லாக் களிமகனும்

தமிழ் இலக்கியத்தில் காவலரின் தொழிலை நுணுகி நோக்கிய முதல் சித்திரங்களுள் ஒன்று மதுரைக்காஞ்சியில் உள்ளது. இரவில் இருளோடு இருளாகத் தெரியும் உடை, இடையில் சுற்றிய நூலேணி, வாள் ஆகியவற்றோடு திரியும் திருடரை மாங்குடி மருதனார் முதலில் காட்டுகிறார். பிறகு அவர்களைத் தேடித் திரியும் ஊர் காப்பாளர் வருகின்றனர். உறங்காத கண்ணினர், அஞ்சாதவர், களவு நடக்கும் முறைகளை நூல் வழியே கற்றவர், நள்ளிரவில் மழை கொட்டினாலும் தெருவில் நிற்பவர் என்றெல்லாம் அவர்கள் புகழப்படுகின்றனர். வீரத்தோடு கல்வியும் சலியாத சுற்றும் அவர்களுக்கு இலக்கணமாகச் சொல்லப்படுவது கவனிக்கத்தக்கது.

அதே மதுரையில் அதே தொழிலினரைச் சிலப்பதிகாரம் வேறொரு நிலையில் காட்டுகிறது. கொலைக்களக் காதையை நாம் பொதுவாக ஊழ்வினையின் கதையாக வாசிக்கிறோம். அதனை ஒரு விசாரணையின் கதையாகவும் வாசிக்கலாம். சிலம்பு அவனிடம் இருந்தால் கொன்று கொண்டு வருக என்பது அரசன் ஆணை. அதோடு காவலர் கோவலனிடம் வருகின்றனர். அவனைப் பார்த்ததும் ஒருவர் ஐயுறுகிறார். இவன் கொலைக்கு உரியவனாகத் தோன்றவில்லை என்கிறார். பொற்கொல்லனோ கள்வர் கையாளும் எட்டு உபாயங்களை அடுக்கி, நல்லவன் போலத் தோன்றுவதே கள்வனின் கலை என்று வாதிடுகிறான். இளைஞன் ஒருவன், முன்பு தன் கைக்குள் சிக்கிய கள்வன் மாயமாய் மறைந்த கதையைச் சொல்லி அச்சத்தைக் கூட்டுகிறான். பேச்சு முடியுமுன் கல்வியற்ற, கள்ளுண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

ஐயம் எழுந்தது, ஆனால் அது நிலைபெற நேரம் கிடைக்கவில்லை. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்ற ஒரே ஒரு சோதனை முன்னதாக நடந்திருந்தால் காப்பியமே வேறாகியிருக்கும். அந்தச் சோதனையைக் காவலர் செய்யவில்லை; கணவனை இழந்த பின்னர் அரசவையில் கண்ணகி செய்தாள். தமிழில் பதிவான குற்றப் புலனாய்வுகளில் சான்றுப்பொருளை மன்றத்தில் முறையாக நிறுவிய முதற்பெயர்களுள் ஒன்றாக அவள் பெயரைச் சொல்லலாம்.

நம் புதுக்கோட்டைப் பகுதியில் காவல் என்பது கல்லில் எழுதிய ஒப்பந்தமாகவே இருந்தது. 1929இல் நூலாக வெளிவந்த புதுக்கோட்டைக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பிற்காலப் பாண்டியர் காலத்தின் இறுதியிலும் அதனை அடுத்த குழப்பமான நூற்றாண்டுகளிலும், ஊரார் கூடி அரையர்களுக்குப் பாடிகாவல் உரிமையை அளித்தனர்; அதற்கு ஈடாக விளைச்சலில் பங்கு தந்தனர். பிற்காலத் தென்னாட்டில் களவு போன மாட்டைத் தேடித் தருவோர்க்குத் 'துப்புக்கூலி' கொடுக்கும் வழக்கமும் இருந்தது. பழைய இலக்கியத்தில் வலிமையையும் உணவையும் குறித்த 'துப்பு' என்ற சொல், தடயம் என்ற பொருளில் ஊர்வழக்கில் வேரூன்றியது இப்படித்தான். துப்பறியும் நாவல் என்று நாம் இன்று சொல்லும்போது இந்தப் பழைய காவல் கூலியின் மணம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1855: கிட்டியும் சட்டமும்

காவலரிடம் தந்த ஒப்புதல் ஏன் செல்லாது? இதன் விடை நம் சென்னை மாகாணத்திலேயே இருக்கிறது.

1816ஆம் ஆண்டின் ஏற்பாட்டிற்குப் பிறகு, மாகாணத்தில் வரி வசூலிக்கும் தாசில்தாரே காவல் அதிகாரத்தையும் வைத்திருந்தார். வரி பெறவும் உண்மை பெறவும் ஒரே கை, ஒரே வழி. குடிகளைச் சித்திரவதை செய்து வரி வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1854இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எழுந்தது. அதன் விளைவாக மூவர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1855இல் அது அறிக்கை தந்தது. தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் வந்து முறையிட்டனர். விரல்களை மரச்சட்டங்களுக்கிடையே வைத்து நெருக்கும் 'கிட்டி' என்ற தமிழ்ச்சொல் அப்படியே ஆங்கில அறிக்கைக்குள் ஏறியது. வரி வசூலில் மட்டுமன்றிக் குற்றங்களை ஒப்புக்கொள்ளச் செய்வதிலும் வதை வழக்கமாக இருந்தது என்பதை ஆணையம் உறுதி செய்தது.

1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் வருவாய்த் துறையிலிருந்து காவலைப் பிரித்துத் தனித் துறையாக்கியது. 1861இல் இந்தியா முழுமைக்கும் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்றது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் அதுவே 25ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அது 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. மூன்று சட்டங்கள், நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல். நாட்டை ஆண்டவர் மாறியும் இந்த விதி மாறவில்லை.

விதி இறுகினால் தொழில் வேறு வழி தேடும். ஒப்புதலின் விளைவாகப் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும் என்பதால், முட்புதரிலும் கிணற்றிலும் மறைத்து வைத்த அரிவாள்கள் வழக்குகளில் நிறையக் கிடைக்கத் தொடங்கின. பரம்பரைக் கிராம அதிகாரிகள் 1980இல் நீக்கப்பட்ட பின் உருவான கிராம நிர்வாக அலுவலர் பதவி, தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் தனி இடம் பெற்றது. குற்றவாளி தானே போய் அவரிடம் ஒப்புக்கொண்டார் என்று வழக்குரை வரும். முன்பின் அறியாத அலுவலரிடம் இவர் ஏன் போய் மனம் திறக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை கேட்டிருக்கின்றன. இந்த இழுபறியே காவல்துறையின் அன்றாட நாடகம். ஆனால் எந்தத் தொடரிலும் கிராம நிர்வாக அலுவலர் கதாநாயகர் ஆனதில்லை.

தானவன் முதல் திரை வரை

தமிழின் தொடக்ககாலத் துப்பறியும் கதைத்தொகுப்பில் நாயகன் காவல்துறையைச் சேர்ந்தவனே. பண்டித ச.ம. நடேச சாஸ்திரி 1894இல் வெளியிட்ட நூலின் நாயகன் தானவன் ஒரு போலீஸ் நிபுணன். அதன் பிறகு தமிழ்ப் புனைவு காவலரை மெல்ல ஓரங்கட்டியது. தேவனின் சாம்பு தற்செயலால் வெல்பவர். தமிழ்வாணனின் சங்கர்லால் தனியார் துப்பறிவாளர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். காவலர் கடைசி அத்தியாயத்தில் விலங்கோடு வருபவராகிப் போனார்.

தொலைக்காட்சியும் இதே தடத்தில் தொடங்கியது. 1985இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'கரம்சந்த்' கேரட் கடிக்கும் தனியார் துப்பறிவாளரின் தொடர். 1989இல் வந்த 'உடான்' விதிவிலக்கு. இந்தியக் காவல் பணியில் சேர்ந்த இரண்டாம் பெண்ணான காஞ்சன் சௌத்ரியின் வாழ்வைத் தழுவி, அவருடைய தங்கை கவிதா சௌத்ரி எழுதி, இயக்கி, நடித்தது அது. குற்றத்தைவிடப் பயிற்சியையும் குடும்பத்தையும் அலுவலக அவமதிப்புகளையும் அது பேசியது. காஞ்சன் சௌத்ரி 2004இல் உத்தராகண்டின் காவல்துறைத் தலைமை இயக்குநரானார். நாட்டில் ஒரு மாநிலக் காவல்துறைக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவரே. 1998இல் தொடங்கி இருபதாண்டு ஓடிய 'சி.ஐ.டி.' மறுபடியும் பழைய மரபுக்கே திரும்பியது. அங்கே ஆய்வக முடிவு ஒரே காட்சியில் வந்துவிடும். கதவு ஒரே உதையில் திறந்துவிடும்.

அமெரிக்க அனுபவமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. 1951இல் தொலைக்காட்சிக்கு வந்த 'டிராக்நெட்' லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையின் ஒத்துழைப்போடு எடுக்கப்பட்டது. துறை எப்படித் தோன்ற விரும்பியதோ அப்படியே அதில் தோன்றிற்று. ஆனால் அந்நாட்டுக் காவலர்கள் தம் வாழ்வுக்கு நெருக்கமானது என்று அடிக்கடிச் சுட்டுவது 1975 முதல் 1982 வரை வந்த 'பார்னி மில்லர்' என்ற நகைச்சுவைத் தொடரை. அதில் துரத்தல்கள் அரிது. ஒரே அறை, கோப்புகள், மோசமான காபி, புகாரோடு வரும் விசித்திர மனிதர்கள். நம் ஏட்டையாவின் 'யாரும் எழுதுவதில்லை' என்ற குறைக்கு அங்கே பதில் இருக்கிறது. 2000த்தில் தொடங்கிய 'சி.எஸ்.ஐ.' தொடரோ நீதிபதிகளையே கவலைப்பட வைத்தது. ஜூரிகள் ஒவ்வொரு வழக்கிலும் மரபணுச் சான்று கேட்பார்களோ என்று ஐயுற்று 2006இல் மிச்சிகன் நீதிபதி டொனால்ட் ஷெல்டன் ஓர் ஆய்வு நடத்தினார். அறிவியல் சான்றை எதிர்பார்க்கும் போக்கு பரவலாக இருந்தது. அந்தத் தொடரைப் பார்த்ததனால் தீர்ப்பளிக்கும் போக்கு மாறியதாக அதில் தெரியவில்லை.

தலையும் முண்டமும்

தடய அறிவியல் நமக்குப் புதிதன்று. சென்னையில் வேதியியல் ஆய்வாளர் கூடம் 1849இலேயே அமைந்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. கைரேகைக்கான உலகின் முதல் பணியகம் 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது. அதன் வகைப்பாட்டை உருவாக்கியதில் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அலுவலர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

1952 ஆகஸ்ட் இறுதியில் இந்தோ-சிலோன் விரைவு வண்டியில் மானாமதுரையில் ஒரு தகரப் பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே தலையற்ற உடல். தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சென்னையில் பேனா வியாபாரம் செய்த ஆளவந்தார் கொலை வழக்கு என்று தமிழகமே பேசியது அதைத்தான். இறந்தவர் முன்பு இராணுவத்தில் பணியாற்றியவர். அப்போது எடுக்கப்பட்டுக் கோப்பில் கிடந்த கைரேகையோடு உடலின் கைரேகை பொருந்தியது, அடையாளம் உறுதியாயிற்று. யாரோ ஒரு எழுத்தர் எப்போதோ முறையாகப் பதிந்து அடுக்கி வைத்த தாள் அது. இத்தனை பரபரப்பான வழக்கின் திருப்புமுனை ஒரு கோப்பு அலமாரியில் இருந்தது.

எழுபது ஆண்டுகள் கழித்து 2022இல் வந்த 'விலங்கு' தொடரிலும் ஓர் உடல், காணாமற்போகும் ஒரு தலை. திருச்சி வட்டாரக் காவல் நிலையமொன்றைக் களமாகக் கொண்டு பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கியது. உடலுக்குக் காவல் நிற்பவரின் சோர்வும், மேலதிகாரியின் ஏச்சும், உதவி ஆய்வாளரின் வீட்டுக் கவலைகளும் அதில் வழக்கோடு பின்னி வருகின்றன. நம்மோடு பேசிய ஏட்டையா அதனைப் பாதி ஏற்றுக்கொண்டார். "பொணத்துக்குப் பாரா நிக்கிறது அப்படியே இருக்கு சார்" என்றவர், அடிக்கும் காட்சிகளைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றிக்கொண்டார்.

தொண்ணூறு நாளும் முப்பத்தோர் ஆண்டும்

திரையும் வழக்கும் மிகத் தெளிவாக முரண்படும் இடம் ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் குண்டு வெடித்தது. ஆகஸ்ட் 20 அன்று பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் சிவராசன் உயிரற்றுக் கிடந்தார். இந்தத் தொண்ணூறு நாள் வேட்டையை அனிருத்ய மித்ரா நூலாக எழுதினார். அதனைத் தழுவி நாகேஷ் குகுனூர் இயக்கிய 'தி ஹண்ட்' 2025இல் ஏழு பகுதிகளாக வெளிவந்தது.

வேட்டைக்குத் தொண்ணூறு நாள். தடா நீதிமன்றத் தீர்ப்பு வர 1998 ஜனவரி வரை ஆயிற்று. 288 சாட்சிகள், 1,477 ஆவணங்கள், 1,180 சான்றுப் பொருள்கள். 26 பேருக்கு மரண தண்டனை. 1999இல் உச்சநீதிமன்றம் பத்தொன்பது பேரை விடுவித்தது. இவ்வழக்கில் காவல் கண்காணிப்பாளரிடம் தந்த ஒப்புதல் செல்லும். தடாச் சட்டம் நாம் மேலே கண்ட பழைய விதியை விலக்கி வைத்திருந்தது. திரை விரும்பும் முடிவு, சட்டத்தின் அனுமதியோடு நடந்த அரிய வழக்கு இது.

அதன் பின்விளைவு நாம் அறிந்ததே. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி வி. தியாகராஜன், ஓய்வு பெற்ற பின் 2013இல் வெளிப்படையாகப் பேசினார். தாம் வாங்கித் தந்த ஒன்பது வோல்ட் மின்கலங்கள் எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதாகவும், அந்தப் பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாகவும் அவர் சொன்னார். பேரறிவாளனை உச்சநீதிமன்றம் விடுவித்தது 2022 மே 18 அன்று. கைதாகி முப்பத்தோர் ஆண்டு நெருங்கிய நேரம். அவருடைய குற்றம் பற்றியும் விடுதலை பற்றியும் வாசகர்களிடையே வெவ்வேறு கருத்துகள் இருக்கக்கூடும். இங்கே நம் கவனம் ஒன்றின்மீதுதான். ஓர் அறை, ஒருவர் சொல்கிறார், ஒருவர் எழுதுகிறார். எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம் முப்பதாண்டு வாதமாகிறது. 'சீரியல்ல ஒருத்தரும் எழுத மாட்டேங்கிறாங்க' என்ற பேச்சின் கனம் இங்கே புலப்படுகிறது.

எது உண்மை

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, 'சாமி', 'சிங்கம்' படங்களின் இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அதில் தெரிவித்தார். தமிழ்த் திரைத்துறையில் அரிதான ஒப்புதல் அது. யாரும் அதட்டாமல் வந்தது.

அதே காலத்தில் வேறு குரல்களும் எழுந்தன. 2021இல் பிராங்க்ளின் ஜேக்கப் 'ரைட்டர்' படத்தில் நிலைய எழுத்தரையே மையமாக்கினார். காவலர் பணியிலிருந்து வந்தவரான தமிழ் 2022இல் 'டாணாக்காரன்' படத்தில் பயிற்சிப் பள்ளிக்குள் நடக்கும் அவமதிப்பைக் காட்டினார். அடிக்கும் கை எங்கே பழக்கப்படுகிறது என்ற கேள்விக்கு அப்படம் பதில் தருகிறது. காவல் அதிகாரியாகவே வாழ்ந்த ஜி. திலகவதி 2005இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'கல்மரம்' நாவலில் எழுதியது கட்டடத் தொழிலாளரைப் பற்றி. துறையை உள்ளிருந்து அறிந்தவர்களின் கண் கொலைகாரனைத் தேடும் விறுவிறுப்பில் தங்குவதில்லை போலும்.

தொடர்களில் ஆய்வகம் விரைவாக இருப்பதும் சீருடையில் நட்சத்திரம் ஒன்று கூடுவதும் பொறுத்துக்கொள்ளத்தக்க பிழைகள். அடித்தால் உண்மை வரும் என்பது அப்படிப்பட்ட பிழையன்று. பார்வையாளர் உண்மை என்று நம்புவதும் அதைத்தான். 1855இல் நம் மாகாணத்து மக்கள் பொய் என்று முறையிட்டதும் அதைத்தான். கிட்டி இறுகும்போது வருவது வலி நிற்பதற்கான சொல். அது உண்மையாகவும் இருக்கலாம். அடித்தவருக்கு அதை அறிய வழியில்லை.

கோவலன் முன் நின்ற அந்தப் பெயரில்லாத காவலரை நாம் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறோம். இவன் அப்படிப்பட்டவனாகத் தெரியவில்லையே என்று சொன்னவர் அவர். இளங்கோ அவருக்கு ஒரு வரிக்கு மேல் இடம் தரவில்லை. வாள் அதற்குள் வந்துவிட்டது. அவர் ஐயம் இன்னும் சிறிது நேரம் நீடிக்கும் ஒரு தொடரை யாரேனும் எடுத்தால், அன்னவாசல் ஏட்டையா அதனை முழுமையாகப் பார்ப்பார் என்று தோன்றுகிறது.